தமயந்தி அக்கா விட்டுக்கொடுக்காத ஞாயிறு

தமயந்தி அக்கா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத பெண்களைப் படம் எடுப்பதற்காகக் கைக்காசு கொடுத்துவிட்டு வருகிறாள் என்பது தொம்மலூரில் எங்கள் சந்துக்கே தெரியும். படம் எடுப்பவர்தானே காசு வாங்க வேண்டும், இவள் ஏன் கொடுக்கிறாள் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. தண்ணீர் லாரி தாமதமாகும் நாட்களில் குடத்தோடு நிற்கும் பெண்களுக்கு இது நல்ல பேச்சு.

"கல்யாணத்துக்குப் போயி மொய்யும் வெச்சுட்டு, பந்திப் பாத்திரமும் கழுவிக் குடுத்துட்டு வர்ற மாதிரி இல்ல இருக்கு" என்றாள் ஒருத்தி.

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள். "கழுவுறவ நானு. உனக்கேன்டி கை வலிக்குது?"

அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் உதவியாளர் வேலை. வருகிறவர்களுக்குக் கவுன் கொடுத்து, சங்கிலியைக் கழற்றச் சொல்லி, தகட்டுக்கு முன்னால் சரியாக நிற்கவைப்பது அவள் பொறுப்பு. தாடையை மேலே வைங்க, தோளை முன்னாடி தள்ளுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க. இதைத் தமிழ், கன்னடம், இந்தி, உருது எதில் வேண்டுமானாலும் தூக்கத்தில்கூடச் சொல்வாள். ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஒரு டாக்டர் தன் பழைய கேமராவை ஆஸ்பத்திரியில் யாருக்காவது விற்கப் பார்த்தபோது, யாரும் எதிர்பாராத விதமாக அக்கா கையைத் தூக்கினாள். அதுதான் ஆரம்பம்.

பிறகு போனில் ஒரு குழுவைக் கண்டுபிடித்தாள். விக்கி என்ற பையன் நடத்துவது. மாதம் ஒரு ஞாயிறு, அல்சூரில் ஒரு பிளைவுட் கடைக்கு மேலே உள்ள ஸ்டுடியோவை வாடகைக்கு எடுப்பான். ஒரு மாடல் பெண்ணை வரவழைப்பான். விளக்குகளை அமைத்துவைப்பான். படம் எடுக்க ஆசைப்படுகிற பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒரு பங்கு கட்டிவிட்டு வந்து, முறைவைத்து அந்தப் பெண்ணைப் படம் எடுப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் அது தொழில் இல்லை. அக்காவைத் தவிர எல்லாரும் ஆண்கள்.

முதல் தடவை போனபோது நடந்ததை அக்காவே சொல்லிச் சிரிப்பாள். ஸ்டுடியோ விளக்கு அடுத்த வெளிச்சத்துக்குத் தயாரானதும் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அது கேட்ட நொடியில் அக்கா ஓடிப்போய்ச் சுவருக்குப் பின்னால் நின்றுவிட்டாளாம். எக்ஸ்ரே அறையில் சத்தம் கேட்டால் மறைப்புக்குப் பின்னால் போகவேண்டும் என்பது உடம்பில் ஊறிப்போனது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வரும் ஓஸ்வால்ட் என்ற பெரியவர் எட்டிப் பார்த்து, "வெளிய வாம்மா, இங்க எலும்பெல்லாம் தெரியாது" என்றாராம்.

நாங்கள் இருப்பது சந்திரம்மாவின் கட்டடத்தில். கீழே வீட்டுக்காரரான சந்திரம்மா. நடு மாடியில் அக்காவும் அவள் கணவர் சாமிநாதன் அண்ணனும். மேலே ஷீட் போட்ட இரண்டு அறையில் நாங்கள். அப்பா குடியாத்தத்திலிருந்து வந்து டெம்போ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நிரந்தரமாக ஒரு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை யாராவது மூன்று மாத ஒப்பந்தத்தில் கூப்பிட்டால் போகிறேன். ஆனால் கட்டடத்தில் நான்தான் ஆபீஸ். கேஸ் மானியக் குறுஞ்செய்தி, மின்கட்டணக் கணக்கு, மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி, எல்லாம் என்னிடம்தான் வரும். "மகா, நீ சொல்லும்மா, இது சரியா தப்பா?" சொந்த விஷயத்தில் எது சரி என்று தெரியாமல் விழிக்கிற ஒருத்தியிடம் ஊரே தீர்ப்புக் கேட்பது எனக்குச் சில சமயம் சிரிப்பாக வரும், சில சமயம் பயமாகவும் இருக்கும்.

இந்த ஞாயிறு விவகாரமும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

சந்திரம்மாவின் பேரனுக்குக் காதுகுத்து. வீட்டிலேயே ஒரு கேமராக்காரி இருக்கும்போது வெளியில் ஏன் ஆள் பிடிக்க வேண்டும் என்று சந்திரம்மா நினைத்தார். சும்மா கேட்கவில்லை, காசு தருவதாகவே சொன்னார். அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம். சாமிநாதன் அண்ணன் உடனே சரி என்று சொல்லிவிட்டார். காதுகுத்து நடக்கும் ஞாயிறுதான் விக்கியின் செஷன் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அன்று மாலை நடு மாடியில் எழுந்த சத்தம் எங்கள் அறைவரை கேட்டது. துணி எடுக்கிற சாக்கில் நான் படியில் நின்றேன்.

"யாரக் கேட்டு சரின்னு சொன்னீங்க?"

"வீட்டு ஓனரும்மா. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயத் தொறந்து சொல்றது. சரின்னு சொன்ன அதே வாயிதானே."

"ஏம்மா, நீ குடுத்துட்டு எடுக்கிறத, அவங்க குடுத்து எடுக்கச் சொல்றாங்க. எங்கயாவது நடக்குமா இது? அதே கேமரா, அதே கண்ணு, அதே வெரலு."

"ஆறு நாளு இப்படி நில்லு அப்படி நில்லுன்னு டாக்டர் சீட்டுல எழுதினபடி செய்றேன். ஏழாவது நாளும் ஒருத்தர், பெரியப்பாவ எடு, தாம்பூலத்த எடு, எங்க நாத்தனார விட்டுட்டேன்னு சொல்லணுமா? அது வேல. எனக்கு இன்னொரு வேல வேணாம்."

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"ஞாயித்துக்கிழம வேணும்."

சாமிநாதன் அண்ணன் கெட்டவர் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். சோற்றில் கை வைத்த நேரத்தில் வந்தாலும் எழுந்து போவார். ஒரு நாள்கூட வரமுடியாது என்று சொன்னதில்லை. அப்படிப்பட்டவருக்கு, ஒரு நாளை யாருக்கும் தராமல் வைத்துக்கொள்ள முடியும் என்பதே விளங்கவில்லை.

கடைசியில் அவர் படியில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். "மகா, நீயே வாம்மா இங்க. நீ டிகிரி முடிச்ச பொண்ணு. இந்தத் தடவ நீயும் இவகூடப் போயிட்டு வா. நேர்ல பாரு. இதனால ஏதாவது பிரயோஜனம் இருக்கா இல்லையான்னு நீ சொல்லு. இருக்குன்னா நான் வாயத் தொறக்கல. இல்லன்னா இதோட விட்டுரணும்."

"இவ என்ன சுப்ரீம் கோர்ட்டா?" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். "வா. வந்து பாரு. ஆனா நான் உன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவ இல்ல, இப்பவே சொல்லிட்டேன்."

அண்ணன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நானும் தலையாட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால், என் மனதுக்குள் தீர்ப்பு அப்போதே தயாராக இருந்தது. வீண் செலவு. எங்கள் வீட்டில் எந்தச் செலவுக்கும் ஒரு பதில் இருக்கவேண்டும். செருப்பு வாங்கினால் எத்தனை மழைக்கு வரும் என்று கேட்போம். நான் படித்ததே ஒரு செலவுதான். அதற்கான பதில் இன்னும் வரவில்லை. அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை, ஆனால் அப்பா டெம்போ சாவியை ஆணியில் மாட்டும்போதெல்லாம் எனக்கு அது கேட்கும்.

ஞாயிறு காலை காதுகுத்துக்குப் பந்தல் துணி கட்டிக்கொண்டிருந்தபோது நாங்கள் அதன் கீழே குனிந்துதான் வெளியே போனோம். சந்திரம்மா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். அந்தப் பார்வையைத் தாண்டிப் போக எனக்குக் கால் கூசியது. அக்கா, "சந்திரம்மா, வர்றேன்" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு நடந்தாள். பஸ்ஸில் ஏறியதும் கேமராப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டுடியோ நான் நினைத்ததைவிடச் சின்னது. பிளைவுட் பசை வாசனை மாடிவரை ஏறியிருந்தது. சாம்பல் நிறத் திரை, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல், இரண்டு பக்கமும் வெள்ளைத் துணிப் பெட்டி மாட்டிய விளக்குகள். அந்த மாத மாடலின் பெயர் மமதா. மற்ற நாட்களில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள் என்று அக்கா சொன்னாள். பச்சைப் புடவை கட்டி, கூந்தலை ஒரு பக்கமாக விட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே கேமராக்கள் அரைவட்டமாக நின்றன.

வேலை நடக்கும் விதத்தை அக்கா காதோடு விளக்கினாள். விளக்குகளை எரியவைப்பது தீப்பெட்டி அளவு இருக்கும் ஒரு டிரிகர். அதை யார் கேமராவின் தலையில் மாட்டியிருக்கிறார்களோ அவர்கள் பொத்தானை அழுத்தினால்தான் வெளிச்சம் வரும். விக்கியிடம் இருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே அது கைமாறிக்கொண்டே போகும். டிரிகர் யாரிடம் இருக்கிறதோ மாடல் அவரை மட்டும் பார்ப்பாள். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். முறை முடிந்ததும் விக்கி "நெக்ஸ்ட்" என்பான்.

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருந்தது. நடப்பது வேறு. டிரிகர் கையில் வந்தவர் விடுவதில்லை. "லாஸ்ட் ஒண்ணு, லாஸ்ட் ஒண்ணு" என்று பத்து எடுத்தார்கள். சஞ்சய் என்ற ஐ.டி.காரன் கையளவு நீளமான லென்ஸோடு வந்திருந்தான். தன் முறை முடிந்த பிறகும் லென்ஸை மாற்றிவிட்டு மறுபடி வந்தான். அக்கா ஒவ்வொரு தடவையும் அரை அடி முன்னால் வருவாள். யாராவது ஒருவர் தோளை நுழைப்பார். அக்கா அரை அடி பின்னால் போவாள்.

"இப்படித்தான் எப்பவுமா?" என்று கேட்டேன்.

"கடைசில வந்துரும்" என்றாள்.

நான் ஓஸ்வால்டிடம் கேட்டேன். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் முறையை முடித்துவிட்டு பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். "அங்கிள், எல்லாரும் ஒரே பொண்ண, ஒரே வெளிச்சத்துல, ஒரே மாதிரி எடுக்கறீங்களே. இதுக்குக் காசு குடுக்கறது வொர்த்தா?"

"என் மச்சான் ஒருத்தன் இருக்கான்மா. சனிக்கிழமையானா தூண்டில எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போவான். பெட்ரோல், புழு, பிரியாணி எல்லாம் செலவு. கொண்டு வர்ற மீனு பூனைக்குப் பத்தாது. அவன்கிட்ட யாராவது, மீன ரஸ்ஸல் மார்க்கெட்ல வாங்கிக்கலாமேன்னு கேட்டா, அவன் என்ன சொல்வான்?"

"என்ன சொல்வாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டான். பேசினா மீன் ஓடிரும்."

தானே சொல்லித் தானே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அது பதில் என்று எனக்குப் படவில்லை. ஏரிக்குப் போகிறவருக்கு ஏதாவது ஓய்வூதியம் இருக்கும், சொந்த வீடு இருக்கும். அக்காவுக்கு என்ன இருக்கிறது? கீழ்வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு வந்து, ஆண்களின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள். வீண்தான் என்று என் தீர்ப்பு இன்னும் கெட்டிப்பட்டது.

அப்போது விக்கி கைதட்டினான். "ஓகே கைஸ், ஸ்லாட் ஓவர். அடுத்த பார்ட்டி கீழ வந்துட்டாங்க. பேக் பண்ணிக்கலாம்."

எல்லாரும் பைகளை மூட ஆரம்பித்தார்கள். மமதா கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழுந்தாள். அக்கா மட்டும் அசையவில்லை.

"விக்கி, என் முறை வரல."

"அய்யோ, அக்கா." தலையில் கை வைத்தான். "சாரிக்கா. கவனிக்கல. நெக்ஸ்ட் மந்த் ஃபர்ஸ்ட் நீங்கதான். பிராமிஸ்."

"டிரிகரக் குடு தம்பி."

"அக்கா, ஸ்டுடியோக்காரன் கத்துவான். புரிஞ்சுக்கோங்க."

"புரியுது. குடு."

கையை நீட்டியபடியே நின்றாள். எனக்கு முகம் சூடானது. எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். விடுங்கக்கா, போகலாம் என்று அவள் முழங்கையைத் தொட்டேன். தொட்ட கையை அவள் பார்த்த பார்வையில் நான் எடுத்துவிட்டேன்.

சஞ்சய் நல்ல மனதோடுதான் சொன்னான் என்று நினைக்கிறேன். "ஆன்ட்டி, நான் எடுத்ததுல பெஸ்ட் பத்து உங்களுக்கு அனுப்பறேன். சேம் லைட், சேம் போஸ். என்ன டிஃபரன்ஸ்?"

"நீ சாப்ட்டுட்டு எனக்கு ஏப்பத்த அனுப்புவியாப்பா?"

ஓஸ்வால்ட் டீயைச் சிந்திவிட்டார்.

"சிரிக்கறதுக்குச் சொல்லல" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. எக்ஸ்ரே அறை வாசலில் கூட்டத்தை நிறுத்துகிற குரல் அது. "போன மாசமும் கடைசி. அதுக்கு முந்தின மாசம் மின்சாரம் போச்சு, என் முறைலதான் போச்சு. எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு டோக்கனத் தாண்டி அடுத்தாள உள்ள விட்டா ஆஸ்பத்திரியே ரெண்டாயிரும். மந்திரியோட மச்சானா இருந்தாலும் டோக்கன்தான். நானும் உங்கள மாதிரிதானே பங்கு கட்டிட்டு வந்தேன்? யாருக்கோ தொணைக்கு வந்து ஓரமா உக்காந்திருக்கேனா?"

மமதாதான் முதலில் நகர்ந்தாள். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தாள். "ஆன்ட்டி பாக்கி இத்தாரே" என்று விக்கியிடம் கன்னடத்தில் சொன்னாள். ஆன்ட்டி பாக்கி இருக்கிறார்.

விக்கி கீழே ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்தான். அடுத்த பார்ட்டி ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்துக்காக வந்தவர்கள். தலையில் கிரீடம் வைத்ததிலிருந்து குழந்தை வீரிட்டு அழுகிறதாம். "அது அழுது முடிக்கிற வரைக்கும் உங்களுக்கு டைம்க்கா. அவ்வளவுதான் என்னால முடியும்."

டிரிகர் அக்காவின் கேமராவில் ஏறியது. கீழேயிருந்து குழந்தையின் அழுகை தெளிவாகக் கேட்டது. அதுவரை கல் மாதிரி நின்றவள் இப்போது அவசரப்பட்டாள். முதல் படம் வெறும் திரை. இரண்டாவதில் மமதாவின் தலை பாதி வெட்டுப்பட்டது. விக்கி வாட்சைப் பார்த்தான். அழுகை கொஞ்சம் தணிந்து மறுபடி ஏறியது.

அக்கா கேமராவைக் கண்ணோடு அழுத்திக்கொண்டு சொன்னாள். "தாடைய மேல வைங்க. தோள முன்னாடி. உசிரு எள்கொள்ளி... ஹிட்கொள்ளி... அல்லாடபேடி."

பழக்கதோஷம். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று கன்னடத்தில் சொல்லிவிட்டாள். மமதாவும் சொன்னபடியே கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விழித்து, சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

"ரிப்போர்ட் எப்போ கெடைக்கும் டாக்டர்?" என்றார் ஓஸ்வால்ட்.

மமதாவின் வாயிலிருந்து காற்று புஸ்ஸென்று வெடித்தது. காலையிலிருந்து மாடல் சிரிப்பு மட்டுமே சிரித்துக்கொண்டிருந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எடுத்தாள். பிறகு மமதா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து அக்காவை நேராகப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். விளக்கு 'பீப்' என்றது, அக்கா எங்கும் ஓடவில்லை. எடுத்தாள். நின்று, மூச்சு விட்டு, மறுபடி எடுத்தாள்.

கீழே அழுகை நின்றது.

"ஓவர்க்கா" என்றான் விக்கி. அக்கா தானே டிரிகரைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தோம். அக்காவின் போனில் சாமிநாதன் அண்ணனின் தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. அவள் அதைப் பைக்குள் தள்ளிவிட்டுக் கேமராத் திரையை என் பக்கம் திருப்பினாள். நேராகப் பார்க்கிற படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சஞ்சய் காட்டியதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சிரிக்கிற படத்தில் கண் மூடியிருந்தது, ஒரு கை கலங்கியிருந்தது, ஸ்டூலின் கால் நீட்டிக்கொண்டிருந்தது. எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாது.

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சுமார்தான்க்கா" என்றேன்.

"சுமார்தான்" என்றாள் அவளும், கோபமில்லாமல்.

"அப்புறம் எதுக்கு? அவ்வளவு பேர் முன்னாடி சண்ட போட்டு?"

அக்கா கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "ஆஸ்பத்திரில ஒரு நாளைக்கு எத்தன பேரத் தொட்டு நிக்க வெக்கறேன், மகா. தோளு, இடுப்பு, முட்டி எல்லாம் எங்கிட்ட குடுத்துருவாங்க. மூஞ்சியக் குடுக்க மாட்டாங்க. வலில இருக்கறவங்க, அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. என்னத் தாண்டிப் பின்னாடி இருக்கிற செவத்தத்தான் பாப்பாங்க. இங்க டிரிகர் என் கைல இருக்கிற வரைக்கும் ஒருத்தி என்ன மட்டும் பாக்கறா. எடுன்னு சொல்லிட்டுப் பாக்கறா. அதுக்குத்தான் கட்டறேன். படம் நல்லா வந்தா நல்லது. வரலன்னா அடுத்த மாசம்."

"அத நான் அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சொல்லாத. உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு. பொய் சொல்லி எனக்கு வாதாடாத."

பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன். கற்றுக்கொள்வதற்கு என்றால், தள்ளுமுள்ளில் அங்கே கற்பது குறைவு. அழகான படம் வேண்டும் என்றால் சஞ்சயிடம் வாங்கிக்கொள்ளலாம். வருமானம் என்றால் காதுகுத்துக்குப் போயிருக்க வேண்டும். எந்தக் கணக்கில் போட்டாலும் விடை வரவில்லை. விடை வராததால் இது தப்பு என்று முடிவுகட்டத்தான் நான் படித்திருக்கிறேனா? வசதியான வீட்டுப் பிள்ளை கிட்டார் வகுப்புக்குப் போனால், எத்தனை கச்சேரி செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் மாதிரி வீடுகளில் மட்டும் ஆசை வாசலில் நின்று, தன்னால் என்ன லாபம் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளாக என்னையே நிறுத்தியிருக்கிறார்கள். நானும் பெருமையோடு போய் நின்றேன். தொம்மலூரில் இறங்கும்போது அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

பந்தலின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் சந்திரம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய பேரன். பக்கத்தில் சாமிநாதன் அண்ணன், குற்றவாளி மாதிரி ஒரு தட்டில் கேசரியோடு நின்றார்.

"பா தாயி, வா" என்றார் சந்திரம்மா. "ஆயித்து, எல்லாம் முடிஞ்சுபோச்சு. என் மருமகன் போன்ல எடுத்தான். ஊசி குத்துற நேரத்துல அவனே கண்ண மூடிக்கிட்டான். கொழந்த அழுதது இல்ல, குத்தினது இல்ல, பந்தல் கம்பம்தான் இருக்கு படத்துல."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்கா சிரிக்கவில்லை.

"இத்தன வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். இவ்ளோ கூடச் செய்ய மாட்டியா? வாடகைக்கு இருக்கிறவங்கன்னு நான் என்னிக்காவது வித்தியாசமா பாத்திருக்கேனா?"

"பாத்ததில்ல, சந்திரம்மா. நானும் வாடகைய ஒரு மாசம் தள்ளினதில்ல. வாடகைல ஞாயித்துக்கிழம சேராது." அக்கா குனிந்து குழந்தையின் காதைப் பார்த்தாள். "ராத்திரி வீங்கினா சொல்லி அனுப்புங்க, நானே வந்து பாக்கறேன். ஒங்க பேரன எனக்குத் தோணுற அன்னிக்கு எடுப்பேன், காசு வாங்காம. ஆர்டருக்கு எடுக்க மாட்டேன். இவரு சரின்னு சொன்னது இவரோட தப்பு. இவரையே எடுக்கச் சொல்லியிருக்கலாம்."

சந்திரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சமாதானம் ஆகவில்லை. இன்னும் பல நாளைக்கு ஆகாது என்று பார்த்தாலே தெரிந்தது. அக்காவும் ஆகவேண்டும் என்று காத்திருக்கவில்லை. படியேறினாள். நானும் அண்ணனும் பின்னால் ஏறினோம்.

நடு மாடி வாசலில் அண்ணன் என்னை நிறுத்தினார். "நீ சொல்லு மகா. பாத்தல்ல? பிரயோஜனம் இருக்கா, இல்லையா?"

அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"இல்லண்ணா" என்றேன். "ஒரு பிரயோஜனமும் இல்ல. தள்ளிக்கிட்டு நிக்கறாங்க. எல்லாருக்கும் ஒரே படம். அக்காவுக்குக் கெடச்சதும் கொஞ்ச நேரம்தான்."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். ஜெயித்த முகம் முழுதாக மலர்வதற்குள் நான் சொல்லி முடித்துவிட வேண்டியிருந்தது.

"ஆனா அக்கா போகணும்ண்ணா. பிரயோஜனம் இல்லன்னா போகக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க கேட்ட கேள்வியே சரியில்ல. இனிமே இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் என்னக் கூப்பிடாதீங்க."

பெரியவர்களிடம் அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அக்கா இப்போது திரும்பிப் பார்த்தாள். கேமராவைப் பையிலிருந்து எடுத்து, அலமாரியில் தன் புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணன் கேசரித் தட்டை ஜன்னல் திண்டில் வைத்தார். கோபமா, யோசனையா என்று தெரியவில்லை. அதற்குள் அவர் போன் அடித்தது. எங்கோ ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவர் பையைத் தோளில் போட்டார். இரண்டு படி இறங்கியவர் நின்றார்.

"அடுத்த மாசம் எந்த ஞாயிறு?"

"எதுக்கு?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

"தெரியாம யாருக்காவது சரின்னு சொல்லித் தொலச்சுரக் கூடாதுல்ல. அதுக்குத்தான்."

"இன்னும் தேதி போடல. எல்லா ஞாயிறையும் விட்டு வைங்க."